தபால்பெட்டிச் சந்தியும் அநுராதபுரமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பை அறக்கட்டளைக் குழுவினர் பேச்சாளரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது யாழ்ப்பாணத்து மேடையில் பேச வசதியான விடயம் அல்ல. போர்ச்செயல் எது, பயங்கரவாதம் எது என்பதே கேள்வி. தெற்கில் கேட்டால் விடை உடனே கிடைக்கும்: விடுதலைப் புலிகள் இயக்கம் செய்தது பயங்கரவாதம், படைகள் செய்தது போர். எங்கள் வீட்டு விறாந்தைகளிலும் விடை தயாராக இருக்கிறது. அங்கே இரண்டு பெயர்களும் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். ஆளைப் பார்த்துவிட்டுச் செயலுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றே. செயலைப் பார்த்துப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதை, இங்கே நடந்தவற்றைக் கொண்டே பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1983 ஜூலை 23ஆம் திகதி இரவு, பலாலி வீதியில் தபால்பெட்டிச் சந்தியடியில் இராணுவ ரோந்து அணியொன்று கண்ணிவெடியில் சிக்கியது. 15 பேரில் 13 பேர் இறந்தார்கள். தாக்கிய புலிகளின் பக்கத்தில் செல்லக்கிளி இறந்தார். இறந்த படையினர் சீருடையில், ஆயுதத்தோடு, கடமையில் இருந்தவர்கள். போர்ச் சட்டத்தின் கண்ணில் தாக்கப்படக்கூடியவர்கள். அந்த நாளில் இங்கே நடந்தது சட்டப்படி ஆயுத மோதல் என்ற தரத்தை எட்டியிருந்ததா என்று சட்டத்தரணி ஒருவர் எழுந்து கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓரிரு ஆண்டுகளில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லாமற் போய்விட்டது. மறுநாள் படையினர் வெளியே வந்து திருநெல்வேலி, கந்தர்மடப் பக்கங்களில் ஏறத்தாழ 50 பொதுமக்களைக் கொன்றார்கள். அதையடுத்துக் கொழும்பில் தமிழருக்கு நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை.

1985 மே 14. கடத்திய பஸ்ஸொன்றில் புலிகள் அநுராதபுரத்துக்குப் போனார்கள். பஸ் நிலையத்தில் நின்ற சனத்தைச் சுட்டார்கள். ஸ்ரீ மகா போதி வளவில் கும்பிட வந்தவர்களைச் சுட்டார்கள். திரும்பும் வழியில் வில்பத்துவிலும் கொன்றார்கள். இறந்தவர்கள் 146 பேர்.

இந்த இரண்டு செயல்களையும் செய்தது ஒரே இயக்கம். இலங்கைச் சட்டம் இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தது. எங்களில் பலரும் இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் கொடுத்தோம், அது வேறு பெயராக இருந்தாலும். முதலாவதைப் பயங்கரவாதம் என்றவர்கள் ஒரு போரை மறைத்தார்கள். இரண்டாவதைப் போர் என்றவர்கள் ஒரு படுகொலையை மறைத்தார்கள்.

அநுராதபுரத்துக்குக் காரணம் சொல்வார்கள். அதற்குச் சற்று முன்னர் வல்வெட்டித்துறையில் இராணுவம் பொதுமக்களைக் கொன்றிருந்தது உண்மை. அநுராதபுரத்துக்கு அடுத்த நாள், மே 15, நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகைக் கடலில் மறித்த கடற்படையினர் இருபதுக்கு மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். அவர்களில் கைக்குழந்தையும் உண்டு. வல்வெட்டித்துறைக்கு அநுராதபுரம், அநுராதபுரத்துக்குக் குமுதினி என்று வரவு செலவு பார்த்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பஸ் நிலையத்தில் நின்றவர் வல்வெட்டித்துறையில் எதையும் செய்யவில்லை. படகில் இருந்தவர் அநுராதபுரத்தில் எதையும் செய்யவில்லை. எதிரி முறையற்றுச் செய்தான் என்பது நானும் செய்வதற்கு அனுமதி ஆகாது என்பதில் இன்றைய போர்ச் சட்டம் உறுதியாக நிற்கிறது.

சங்கப் பாட்டில் போரறம் தேடுபவர்கள் நேரே நெட்டிமையாரிடம் போவார்கள். பசுக்களும் பெண்களும் நோயாளரும் பிள்ளைப்பேறு இல்லாதோரும் காவலான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டுப் போர் செய்பவனாக முதுகுடுமிப் பெருவழுதியை அவர் பாடியது புறநானூற்றின் 9ஆம் பாட்டு. மேடைகளில் இதோடு நிறுத்திவிடுவது வழக்கம். 15ஆம் பாட்டும் அதே நெட்டிமையார் அதே வழுதியைப் பாடியதுதான். பகைவரின் ஊரைக் கழுதை பூட்டி உழுததும், விளைந்த வயலில் தேரோட்டியதும், காவற்குளங்களில் யானைகளைப் படியவிட்டதும் அங்கே புகழாகிவிடுகின்றன. புலவர் மன்னனைப் பார்த்துப் பாடினார், செயலைப் பார்த்தல்ல. எங்கள் நோய் பழையது.

சட்டத்துக்கு வருவோம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். அந்த ஆண்டு ஜூலையிலேயே பிரிகேடியர் வீரதுங்க, ஆண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழிக்கும் கட்டளையோடு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். சட்டத்தின் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருந்தது. மூன்று ஆண்டுக்கு என்று வந்தது, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. முழுச் சட்டத்தையும் வாசித்துப் பாருங்கள், பயங்கரவாதம் என்றால் என்ன என்ற வரைவிலக்கணம் எங்கும் இல்லை. 2ஆம் பிரிவில் குற்றங்களின் பட்டியல் ஒன்றுதான் இருக்கிறது. குறித்துரைக்கப்பட்ட சில வகையினரைக் கொல்வதும் கடத்துவதும் அதில் உண்டு, அரச சொத்துக்குச் சேதம் விளைவிப்பதும் உண்டு, வீதியோரப் பலகையில் உள்ள எழுத்தை அழிப்பதும் உண்டு. பெயர்ப்பலகைக்குத் தார் பூசிய காலத்தை நினைவில் வைத்து எழுதியிருப்பார்கள் போலும். பலகையின் எழுத்துக்குக் கூட இடம் கொடுத்த அந்தச் சட்டம், பொதுமக்களைத் தாக்குவதற்கும் படையினரைத் தாக்குவதற்கும் இடையில் கோடு கிழிக்கவில்லை.

பெயர் ஒட்டினால் வருவது வெறும் வசவு என்று நினைக்கவேண்டாம். சாட்சிச் சட்டமே மாறுகிறது. சாதாரணக் கொலை வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்தால் செல்லும். அது சித்திரவதையால் பெறப்பட்டது என்று காட்டும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில் விழும். விசாரணையின்றி 18 மாதம் தடுத்து வைக்கலாம் என்று இருந்ததை 2022இல்தான் 12 மாதமாகக் குறைத்தார்கள். இங்கே எத்தனை குடும்பங்கள் பூசா தடுப்பு முகாமுக்கும் வெலிக்கடைச் சிறைக்கும் நடந்து தேய்ந்தன என்பது இந்த அவைக்குத் தெரியும்.

இனி இதில் நான் மிக முக்கியம் என்று நினைக்கும் ஒன்று. இரண்டு நாடுகளுக்கிடையிலான போரில் எதிரிச் சிப்பாயைக் கொன்ற சிப்பாய் பிடிபட்டால் போர்க்கைதி. கொன்றதற்காக அவனைத் தூக்கிலிட முடியாது. உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிக்காரனுக்கு அந்தக் காப்பு இல்லை. படையினனைக் கொன்றாலும் நாட்டுச் சட்டத்தில் அது கொலைதான். எந்த அரசும் இந்த உரிமையை விட்டுக்கொடுக்காது, விட்டுக்கொடுக்கும்படி நானும் கேட்கவில்லை. ஆனால் அதைக் கொலை என்றும் அரசுக்கெதிரான போர் என்றும் வழக்குத் தொடுப்பது ஒன்று, பயங்கரவாதம் என்று அநுராதபுரத்தோடு சேர்த்துக் கட்டுவது வேறொன்று. முகாமைத் தாக்கினாலும் பஸ் நிலையத்தைத் தாக்கினாலும் ஒரே பெயர், ஒரே தண்டனை என்றால், பஸ் நிலையத்தை விட்டுவிடு என்று ஆயுதம் ஏந்தியவனிடம் சொல்லச் சட்டத்துக்கு என்ன வாய் இருக்கிறது? ஜெனீவா உடன்படிக்கைகளின் இரண்டாவது மேலதிக நெறிமுறை, உள்நாட்டுப் போர் முடிந்ததும் சண்டையில் பங்குபற்றியவர்களுக்கு இயன்றளவு பரந்த மன்னிப்பை வழங்கச் சொல்வது இந்த வாயை உண்டாக்கத்தான். பொதுமக்களைக் கொன்றவருக்கு அந்த மன்னிப்பு உரியதல்ல என்று பொருள் கொள்ளப்படுகிறது. இலங்கை அந்த நெறிமுறையில் சேரவில்லை.

வேறுபாட்டைத் தாக்கும் முறையில் தேடுபவர்கள் உண்டு. தற்கொலைத் தாக்குதல் என்றாலே பயங்கரவாதம் என்பார்கள். 1987 ஜூலை 5ஆம் திகதி, வடமராட்சிப் படை நடவடிக்கைக்குப் பின், நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இராணுவம் முகாமிட்டிருந்தபோது புலிகளின் கப்டன் மில்லர் வெடிமருந்து நிரப்பிய லொறியை உள்ளே ஓட்டினார். 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கிக் கட்டடத்தில் மோதியதும் வெடிமருந்து லொறிதான். நெல்லியடியில் கட்டடம் பள்ளிக்கூடம், உள்ளே இருந்தது படை. கொழும்பில் 91 பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள், பலர் கண்ணிழந்தார்கள். அவர்கள் எழுதுவினைஞர்கள், வாடிக்கையாளர்கள், தெருவில் போனவர்கள். பொருளாதார இலக்கு என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். போருக்குப் பணம் தரும் எல்லாமே இலக்கு என்றால் வரி கட்டிய தேநீர்க்கடைக்காரரும் இலக்காகிவிடுவார். முறை ஒன்று, செயல் இரண்டு. நெல்லியடியில் கேட்கவேண்டிய கேள்வி பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை ஏன் முகாமாக்கினாய் என்பது, அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் படையினர்.

பிறகு நோக்கம். யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கப் புத்தகம் தேவையில்லை. எண்பதுகளில் காலையில் சந்திக்குப் போனால் மின்கம்பத்தில் ஒரு உடல் கட்டியிருக்கும், கழுத்தில் ஒரு மட்டை தொங்கும். ‘துரோகி’ என்றோ ‘சமூகவிரோதி’ என்றோ எழுதியிருக்கும். ஒரு இயக்கம் மட்டும் செய்ததல்ல. அந்த மட்டை யாருக்காக எழுதப்பட்டது? செத்தவர் அதை வாசிக்கப்போவதில்லை. பால் வாங்கப் போனவரும் பள்ளிக்குப் போன பிள்ளையும் வாசிப்பதற்காக எழுதியது. சண்டையில் சுடப்படுபவனே இலக்கு, அவன் விழுந்தால் எதிரியின் பலம் அவ்வளவு குறைகிறது. மின்கம்பத்தில் கட்டப்பட்டவரைக் கொன்றதால் யாருடைய படைபலமும் குறையவில்லை. பார்த்தவர்களின் வாய் மூடியது. அதற்காகத்தான் அது செய்யப்பட்டது. 1988, 89இல் தெற்கில் ஜே.வி.பி. இதையே துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பிச் செய்தது. அரசின் கொலைக்குழுக்கள் எரியும் டயர்களில் உடல்களை வீதியோரம் விட்டுச் செய்தன. போரிலும் பயம் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஷெல்லடிக்குப் பயப்படாத சிப்பாய் இல்லை. பொதுமக்களைப் பயமுறுத்துவதே முதன்மை நோக்கமாகும்போதுதான் சட்டம் அதைத் தனிக் குற்றமாக எடுக்கிறது.

1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டார். எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் பெயர் சொல்லி எழுதிய ‘முறிந்த பனை’யின் ஆசிரியர்களில் ஒருவர். மட்டை தேவைப்படவில்லை. செய்தியை எல்லோரும் வாசித்துவிட்டோம்.

அரசு பயங்கரவாதம் செய்யமுடியுமா? முடியாது என்பது அரசுகளின் விருப்பம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 33ஆம் உறுப்புரை, கூட்டுத் தண்டனையோடு சேர்த்துப் பயங்கரவாத நடவடிக்கைகளையும் தடை செய்கிறது. அந்தத் தடை விதிக்கப்பட்டது ஊரைக் கைப்பற்றி வைத்திருக்கும் அரசுகளின் மீது. மேலதிக நெறிமுறைகள் இரண்டும், பொதுமக்களிடையே பீதியைப் பரப்புவதை முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்செயலைத் தடுக்கின்றன. அது வெறும் ஏட்டுச் சட்டமும் அல்ல. சரயேவோ நகரைச் சுற்றி நின்று குறிபார்த்துச் சுடுவதற்கும் ஷெல்லடிப்பதற்கும் பொறுப்பாக இருந்த தளபதி ஸ்தானிஸ்லாவ் கலிச், முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேச நீதிமன்றத்தில் இந்தக் குற்றத்துக்காகவும் 2003இல் தண்டிக்கப்பட்டார். 2006இல் மேன்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையானது. சீருடை அணிந்த தளபதி, நடந்துகொண்டிருந்த போர், குற்றம் பீதி பரப்பியது.

அதற்காக எங்களுக்கு நடந்த ஒவ்வொரு கொடுமையையும் அரச பயங்கரவாதம் என்று எழுதிவிட எனக்குச் சம்மதமில்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளில், இந்தியப் படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டது. மறுநாள் கைகளை உயர்த்தி வந்த குழந்தை வைத்திய நிபுணரையும் சுட்டது. மூன்று வைத்தியர்கள், தாதியர், ஊழியர், நோயாளர் என்று 60க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். புலிகள் அங்கிருந்து சுட்டார்களா என்ற விவாதம் கட்டிலில் கிடந்த நோயாளியின் காப்பை இல்லாமற் செய்யாது. அது போர்க்குற்றம். ஊரைப் பயமுறுத்துவதற்காகத் திட்டமிட்டது என்று என்னால் நிறுவ முடியாது, நிறுவவேண்டியதும் இல்லை. போர்க்குற்றம் என்பது பயங்கரவாதத்தை விட ஒரு படி கீழான குற்றமல்ல.

1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் தேடியிருந்தவர்கள் மீது விமானப்படையின் குண்டுகள் விழுந்து 120க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டெம்பர் 22இல் நாகர்கோவில் பாடசாலை. இங்கே கேள்வி கடினமாகிறது. ஒரு குண்டு தவறலாம். தேவாலயம், பாடசாலை, சந்தை என்று தொடர்ந்து விழுந்தால் அந்த ஒழுங்கிலிருந்தே நோக்கத்தை ஊகிக்கலாம், கலிச் வழக்கில் செய்தது அதைத்தான். பறப்புப் பதிவுகளையும் கட்டளைகளையும் வரவழைத்துப் பார்க்க இங்கே எந்த நீதிமன்றமும் கூடவில்லை.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதியையும் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு உரிமை இல்லை. யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி துப்பாக்கியோடு சொன்னார்கள் புலிகள். வடக்கு முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர். அவர்கள் வாழ்ந்த சோனகதெருவின் கதவு நிலைகளும் கூரை ஓடுகளும் பிறகு எங்கே போயின என்பதை இங்குள்ள முதியவர்கள் அறிவார்கள். பலவந்த வெளியேற்றம் உள்நாட்டுப் போரிலும் தடுக்கப்பட்ட குற்றம். அதைப் போர் உபாயம் என்று சொன்ன வாய்களை நான் கேட்டிருக்கிறேன்.

வெளிநாட்டு நீதிமன்றங்கள் என்ன செய்தன? வியப்பானவை சில உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், ஸ்ரீபெரும்புதூரில் நடந்த அந்தக் கொலை இந்தியப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் பொருளில் பயங்கரவாதச் செயல் அல்ல என்று கூறியது. ஒருவரைக் கொல்லும் சதி அது, மக்களைப் பீதியில் ஆழ்த்துவதோ அரசை அச்சுறுத்துவதோ நோக்கமல்ல என்று தீர்ப்பு. 19 பேர் விடுபட்டார்கள். ஆனால் தடா சட்டத்தின் கீழ் பொலிஸ் அதிகாரி பதிந்த வாக்குமூலங்களை வைத்தே மற்ற ஏழு பேரின் கொலைக் குற்றம் உறுதியாயிற்று. பெயர் போனது, பெயரால் வந்த சாட்சியம் தங்கிவிட்டது.

கனடிய உச்ச நீதிமன்றம் 2002இல் சுரேஷ் என்ற ஈழத்தமிழரின் நாடுகடத்தல் வழக்கில்தான் ஒரு வரைவிலக்கணத்தைத் தேடிப்பிடித்தது. பொதுமக்களையோ, ஆயுத மோதலில் சண்டையில் ஈடுபடாதவரையோ கொல்லவோ படுகாயப்படுத்தவோ எண்ணி, மக்களை அச்சுறுத்த அல்லது அரசை வற்புறுத்தச் செய்யும் செயல். 1999ஆம் ஆண்டின் பயங்கரவாத நிதியளிப்புத் தடை உடன்படிக்கையிலிருந்து எடுத்தது இது. அந்த உடன்படிக்கையில் இலங்கையும் உறுப்பு நாடு. கனடாவின் குற்றவியல் கோவை, சர்வதேசச் சட்டத்துக்கு அமைய ஆயுத மோதலில் செய்யப்படும் செயலை விலக்கியும் வைக்கிறது. பிரித்தானியா அப்படி விலக்கவில்லை. சண்டையில் படையினரைத் தாக்குவதும் அங்கே பயங்கரவாதமாகலாம் என்று அதன் உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. நெதர்லாந்துத் தமிழர் தொடுத்த வழக்கில் 2017 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் ஏறத்தாழ அந்தப் பக்கமே சாய்ந்தது. ஒரே வடமராட்சி முகாம் தாக்குதல் ரொறன்ரோவில் ஒன்று, லண்டனில் வேறொன்று. இந்தச் சுரேஷ் வழக்கு வரைவிலக்கணம் எனக்குப் போதுமானதாகப் படுகிறது, அதைச் செய்தவர் சீருடை அணிந்திருந்தாலும் பொருந்தும் என்று வாசித்தால். தபால்பெட்டிச் சந்தி அதற்குள் வராது. அநுராதபுரமும் மத்திய வங்கியும் மின்கம்பங்களும் குமுதினியும் வரும்.

அமைப்பைத் தடைசெய்யும் பட்டியல்கள் வேறு வகை. இலங்கை 1998இல் புலிகளைத் தடை செய்தது, 2002 செப்டெம்பரில் பேச்சுவார்த்தைக்காக நீக்கியது, 2009 ஜனவரியில் மீண்டும் விதித்தது. 2002இல் மத்திய வங்கியில் இறந்தவர்கள் உயிர்த்தெழவில்லை. பட்டியல் அரசியலின் கருவி, அதைக் கொண்டு எந்தச் செயலையும் அளக்க முடியாது.

கடைசியாக, எங்கள் சட்டப் புத்தகத்தில் உள்ள ஓட்டை. 2018இலும் 2023இலும் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாகச் சட்டமூலங்கள் வந்தன. விவாதம் முழுவதும் தடுப்புக்காவல் பற்றியதாகவே இருந்தது. அது அவசியமான விவாதம்தான், பாதி மட்டும். மறுபாதி 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தில் இருக்கிறது. அது நாடுகளுக்கிடையிலான போரின் கடும் மீறல்களைத்தான் குற்றமாக்குகிறது. இங்கே நடந்த வகைப் போருக்குரிய பொது உறுப்புரை 3ஐ அது தொடவில்லை. வரைவிலக்கணம் இல்லாத பயங்கரவாதச் சட்டம் ஒரு கையில், எங்கள் போருக்குப் பொருந்தாத போர்ச் சட்டம் மறு கையில்.

அதன் விளைவு மிருசுவிலில் தெரிந்தது. 2000 டிசம்பரில் தங்கள் காணியைப் பார்க்கப் போன எட்டுப் பேர், ஐந்து வயதுப் பிள்ளை உட்பட, கொல்லப்பட்டார்கள். ஐந்து படையினர் மீது வழக்கு. 2015இல் ஒருவருக்கு மட்டும் மரண தண்டனை, 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னித்து விடுவித்தார். குற்றச்சாட்டு தண்டனைச் சட்டக்கோவையின் கொலை. தெரிந்தும் தடுக்காத மேலதிகாரி என்ற கேள்விக்கு அந்தக் கோவையில் இடமில்லை. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நீதவானின் மேற்பார்வையில் அகழ்ந்தபோது, சிறுவர்களுடையவை உட்பட 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. யார் மீதாவது வழக்கு வந்தால் அங்கேயும் எழுதக்கூடியது பெரும்பாலும் கொலை என்ற ஒரு குற்றம்தான். கீழுள்ளவர் செய்த கொலைக்கு மேலதிகாரி பொறுப்பு என்ற விதியை நாடாளுமன்றம் இயற்றும் வரையில், இலங்கைச் சட்டத்தில் கொலைக்குக் காலவரையறை இல்லை என்பது ஒன்றுதான் வழக்குத் தொடுப்பவரின் கையில் இருக்கிறது.